டாரிசெல்லி எப்போது பிறந்தால் என்ன?

கேள்வி: காற்றழுத்தம் பற்றி நான் அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லியின் வாழ்க்கையைக் கதையாகத்தான் சொல்லியிருந்தேன். வரலாறு கலந்து எழுதினால் அறிவியலை எல்லோரும் படிப்பார்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

பதில்: எழுதினோம். நீங்கள் அனுப்பியது ஜாதகம். 1608இல் பிறந்தார், கணிதம் பயின்றார், கலிலியோவிடம் சேர்ந்தார், 39 வயதில் இறந்தார் என்று இரண்டு பக்கம் ஓடுகிறது. காற்றழுத்தம் மூன்றாம் பக்கத்தில் தலைகாட்டுகிறது, அதுவும் பாடப்புத்தக வரையறையாக. யார் எதில் மாட்டிக்கொண்டு விழித்தார்கள் என்பதுதான் அறிவியலில் கதை.

இங்கே விழிக்க வைத்தது ஒரு பம்பு. உறிஞ்சு பம்பு எதுவும் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் தூக்கவில்லை. பழுதுபார்க்க வந்தவர், பம்பில் கோளாறு இல்லை, தண்ணீர் கீழே போய்விட்டது, இந்த உயரத்துக்கு மேல் எந்தப் பம்பும் மயிரிழைகூடத் தூக்காது என்றாராம். 1638இல் வெளியான தம் நூலில் கலிலியோ இதை எழுதி, காரணமும் சொல்கிறார்: நீளமான கயிறு தன் எடை தாங்காமல் அறுவதுபோல நீர்த்தம்பமும் அறுந்துவிடுகிறது. தப்பான பதில். ‘கலிலியோவும் தவறினார்’ என்று ஒரே வரியில் அதைத் தாண்டிவிட்டீர்கள். அங்கேதான் நின்றிருக்க வேண்டும். படிப்பவருக்கும் அந்தக் கயிறு நியாயமாகப் படவேண்டும். அப்போதுதான் அடுத்த பத்தியைத் தேடுவார்.

1644இல் டாரிசெல்லி செய்தது, தண்ணீருக்குப் பதில் 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்தது. ஒரு முனை மூடிய குழாயில் அதை நிரப்பி, பாதரசத் தொட்டிக்குள் கவிழ்த்து நிறுத்தினார். நீர்த்தம்பத்தின் 10.3 மீட்டரை 13.6ஆல் வகுத்தால் 76 செ.மீ., குழாயில் பாதரசம் நிற்கும் உயரம். அந்தக் கணக்கை வாசகரே போடட்டும். நீங்களோ தலைப்பிலேயே விடையைப் போட்டு உடைத்துவிட்டீர்கள்.

இன்னொரு குழாயை மறந்தே போனீர்கள். டாரிசெல்லி இரண்டு குழாய்களை நிறுத்தினார். ஒன்றின் மூடிய முனையில் பெரிய குமிழ். மேலே இருக்கும் வெற்றிடம்தான் பாதரசத்தை இழுக்கிறது என்றால், பெரிய வெற்றிடம் கூடுதலாக இழுக்க வேண்டும். இரண்டிலும் மட்டம் ஒன்றாகவே நின்றது. ஆகவே விசை குழாய்க்குள் இல்லை. தொட்டிப் பாதரசத்தை வெளியிலிருந்து காற்று அழுத்துகிறது. கட்டுரையின் உயிர்நாடி இந்த நாலு வரி. 1648 செப்டம்பர் 19 அன்று பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கலின் அக்காள் கணவர் பெரியே பிரான்சின் பூய் த டோம் மலைமேல் குழாயைக் கொண்டுபோனபோது மட்டம் சுமார் 8 செ.மீ. இறங்கியதைச் சொன்னீர்கள், சரி. அடிவாரத்தில் இன்னொரு குழாயை வைத்து, நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒரு துறவியை நிறுத்திய செய்தி எங்கே? அது அசையாமல் நின்றதால்தான் மலைமேல் இறங்கியதற்கு அர்த்தம்.

இத்தனை சொன்ன பிறகு நம்மூர்க் கிணற்றுக்கு வாருங்கள். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் ஏன் கிணற்றுக்குள் இறக்கினார்கள்? உறிஞ்சு பம்பிலும் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றுதான். குழாய் உராய்வும், குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வின் கசிவும் சேர்ந்தால் நடைமுறையில் 7 மீட்டர் உறிஞ்சினாலே பெரிது. உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தமே குறைவு, கணக்குப்படியே 8 மீட்டரைத் தொடாது. நீர்மூழ்கி மோட்டார் கீழிருந்து தள்ளுகிறது, அதனால் அதற்கு இந்த வரம்பு இல்லை.

‘ஐயா, நான் கண்டுபிடித்துவிட்டேன்!’ என்று டாரிசெல்லி கூவுகிற இடத்தை வெட்டிவிடுங்கள். அவர் கூவியதற்கு ஆதாரம் இல்லை. கலிலியோ 1642 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார், யாரைப் பார்த்துக் கூவுவார்?

பாதரசத்தை வீட்டில் ஊற்றிப் பார்க்கச் சொல்லும் பத்தியும் வேண்டாம். அதன் ஆவி நஞ்சு. பதிலுக்கு 12 மீட்டர் ஒளிபுகும் குழாய் சொல்லுங்கள். தடித்த சுவர் உள்ளதாக வேண்டும். மெலிந்த தோட்டக் குழாய் மேல்பக்கம் சப்பிப்போகும். காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் அடைத்து, ஒரு முனையை வாளித் தண்ணீருக்குள் வைத்து, மறுமுனையை நாலாம் மாடிக்கு இழுத்துக் கட்டி, பிறகு கீழ் அடைப்பைத் திறக்க வேண்டும். மட்டம் இறங்கி 10 மீட்டருக்குச் சற்றுக் கீழே நிற்கும். கணக்கைவிடக் குறைவதேன் என்று கேட்பவர்களுக்கு: மேலே வெற்றிடத்தில் நீராவி சேர்ந்திருக்கிறது, 30 டிகிரி வெயிலில் அதுவே 40 செ.மீ.க்கு மேல் கீழே தள்ளும். தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் குமிழ்விட்டு மேலேறும், அதனால் நேரம் ஆக ஆக இன்னும் கொஞ்சம் இறங்கும்.