எட்டு மாதம் எழுதிய நன்றி

கேள்வி: தினமும் 5 மணிக்கு எழுகிறேன். மூச்சுப்பயிற்சி, முக்கால் மணி நேர நடை, இரவில் நன்றி நாட்குறிப்பு (மனைவி தரும் காபியைக்கூட விடாமல் எழுதுவேன்). செய்தித்தாள் படிப்பதை நிறுத்திவிட்டேன். ரயிலில் இயர்போனில் தன்னம்பிக்கைப் பேச்சுதான். எட்டு மாதமாகியும் மகிழ்ச்சி வந்த மாதிரி தெரியவில்லை. எந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குரோம்பேட்டை

பதில்: பழக்கம் என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். 'பொடி போடும் பழக்கம்' என்போம். 'அவர் எனக்கு நல்ல பழக்கம்' என்றும் சொல்வோம். உங்கள் கடிதத்தில் முதல் வகையில் ஆறு இருக்கின்றன. இரண்டாவது வகையில் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு மனிதர் வருகிறார், அவரும் அடைப்புக்குறிக்குள்!

நடையை விடவேண்டாம், உடம்புக்கு நல்லது. இயர்போனை மட்டும் கழற்றுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் உங்களைப் போன்ற ரயில் பயணிகளை வைத்தே ஒரு சோதனை செய்து 2014இல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்திலிருக்கும் முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள், சிலரைத் தனியாக அமைதியாக இருக்கச் சொன்னார்கள், மற்றவர்கள் வழக்கம்போல. பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. எது இனிமையாக இருக்கும் என்று வேறு பயணிகளை ஊகிக்கச் சொன்னபோது, தனியாக இருப்பதுதான் என்றார்கள். அடுத்தவருக்குப் பேச விருப்பம் இருக்காது என்று எல்லோருமே நினைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறோம். தாம்பரம்–பீச் வண்டியில் ஒரு காலத்தில் 'எங்கே இறங்கணும்?' என்று ஆரம்பித்துச் சம்பந்தம் பேசும்வரை போவார்கள். (தொல்லை பிடித்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன்.)

2008இல் கனடாவின் வான்கூவரில் வேறு ஆய்வாளர்கள் இன்னொரு சோதனை செய்தார்கள். சிலரிடம் காலையில் 5 அல்லது 20 டாலர் கொடுத்து, பாதிப்பேரைத் தங்களுக்கே செலவழிக்கவும் மீதிப்பேரைப் பிறருக்குச் செலவழிக்கவும் சொன்னார்கள். மாலையில் கேட்டபோது, பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் மகிழ்ச்சியில் இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பதில் வித்தியாசம் இல்லை. ஆக, கூட வேலை செய்பவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலே போதும்.

அப்புறம் அந்த நாட்குறிப்பு. நன்றியை வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மனநிலை உயர்ந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு உயரவில்லை என்று மகிழ்ச்சியை ஆராயும் உளவியலாளர் சோன்யா லூபோமிர்ஸ்கியின் குழு கண்டது. நீங்களோ தினமும் எழுதுகிறீர்கள். இந்நேரம் அது பால் கணக்கு நோட்டு மாதிரி ஆகியிருக்கும்.

சரி, ஒன்று கேட்கிறேன். எட்டு மாதத்தில் அந்தக் காபிக்கு இருநூறு தடவைக்குமேல் நன்றி எழுதியிருப்பீர்கள். காபி போட்டவரிடம் எத்தனை தடவை சொன்னீர்கள்? நாளைக் காலை அவருக்கு முன்னால் அடுப்படிக்குப் போய் டிகாஷன் இறக்கி, இரண்டு டம்ளரோடு வந்து எதிரில் உட்காருங்கள். அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும்.