திரையில் கண்ட நிறம், கையில் வந்த நிறம்: வாசகர் கேள்விகள்

திரைப்படக் கதாபாத்திரங்களின் உருவப்பொம்மைகளைச் சேகரிப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில், வர்ணப்பூச்சையும் திரையோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 1977-ஆம் ஆண்டு வெளியான முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் டார்த் வேடர் உருவத்தை, ஆறில் ஒரு பங்கு அளவில், நெடுநாள் பணம் சேர்த்து வாங்கினேன். முகமூடி முழுக்கக் கறுப்பாக இல்லாமல் சில இடங்களில் சாம்பல் தட்டியிருக்கிறது. இடது கன்னமும் வலது கன்னமும்கூட ஒன்றுபோல் இல்லை. வர்ணம் சரியில்லை, திருப்பி அனுப்பிவிடு என்கிறார்கள் நண்பர்கள். அனுப்பலாமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: அனுப்பிவிடாதீர்கள். உங்கள் நண்பர்கள் குறையாகச் சொல்லும் அந்த இரண்டுமே, பொம்மையைச் செய்தவர்கள் படத்தை ஊன்றிப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்றுகள். அந்த முகமூடியைச் சிற்பி பிரையன் மியூர் களிமண்ணில் கையால் வடித்தார். அதனால் இடமும் வலமும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தவில்லை. பூசப்பட்ட வர்ணமும் ஒரே கறுப்பாக இருக்கவில்லை. முகத்தின் தளங்கள் சிலவற்றில் கறுப்பும் சிலவற்றில் துப்பாக்கி உலோகத்தின் கருஞ்சாம்பலும் மாறி மாறி வருவதால்தான், மங்கலான வெளிச்சத்திலும் அந்த முகத்தின் மேடுபள்ளங்கள் எடுப்பாகத் தெரிகின்றன. இரு பக்கமும் சமமாக இருக்கும் முகமூடி, இதே தொடரில் 2005-இல் வந்த படத்துக்கு உரியது. உங்கள் நண்பர்களின் நினைவில் நிற்பது அதுவாக இருக்கலாம்.

இதே தொடரில் சி-த்ரீபிஓ என்னும் தங்கநிற எந்திர மனிதனுக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே வெள்ளி நிறம் என்பதைப் படத்தைப் பலமுறை பார்த்தவர்களில் பலரும் கவனித்ததில்லை. பளபளக்கும் வெள்ளி, பாலைவன மணலின் நிறத்தையும் பக்கத்துக் காலின் பொன்னிறத்தையும் வாங்கித் திருப்பிக் காட்டியதால் கண் ஏமாந்துபோனது. கென்னர் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட பொம்மைக்கே இரு கால்களும் தங்கநிறம்தான். அதே தொடரில் கூலிக்கு ஆள்பிடிக்கும் பாத்திரமான போபா ஃபெட்டின் முன்கைக் கவசம் 1980-ஆம் ஆண்டுப் படத்தில் பச்சை சார்ந்தும் 1983-ஆம் ஆண்டுப் படத்தில் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். ஆகவே ஒரு பொம்மையைத் திரையோடு ஒப்பிடும் முன், பெட்டியில் எந்தப் படத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்; நினைவை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.

நீங்கள் சோதிக்க வேண்டியவை வேறு. கறுப்பும் சாம்பலும் சந்திக்கும் விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் கோடு தெளிவாக ஓட வேண்டும். ஒரு நிறம் மற்றதன் மேல் புகைபோல் படர்ந்திருந்தால் ஸ்பிரே அடிக்கும்போது வைக்கும் மறைப்புத் தகடு நகர்ந்திருக்கிறது என்று பொருள். பளபளப்பான தலைக்கவசத்தில் பூச்சுக்கு அடியில் தூசியோ விரல்ரேகையோ சிக்கியிருந்தால் அது உண்மையான குறை. அதற்குத் தாராளமாக மாற்றுக் கேட்கலாம்.

கேள்வி: துப்பறியும் பாத்திரம் ஒன்றின் உருவம் என்னிடம் இருக்கிறது. வீட்டு டிவியில் அவருடைய கோட்டு பச்சை கலந்த பழுப்பாகத் தெரிகிறது. பொம்மையின் கோட்டு வெறும் பழுப்பு. யாரை நம்புவது?
– ஒரு வாசகர், தல்லாகுளம்

பதில்: டிவியைக் கடைசியாக நம்புங்கள். படப்பிடிப்பில் நடிகர் அணிந்த கோட்டுக்கு ஒரு நிறம். படம் முடிந்தபின் நிறச்சீரமைப்பில் காட்சிக்கு ஏற்பப் பச்சையோ நீலமோ ஏற்றப்பட்டது இன்னொரு நிறம். கடையில் கண்ணைக் கவர்வதற்காக ‘விவிட்’ என்ற அமைப்பில் வைத்திருந்ததை மாற்றாமலே வீட்டுக்கு வந்த டிவி காட்டுவது மூன்றாவது நிறம். நல்ல நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் நிறத்தையே பின்பற்றுகின்றன, அதுவே நியாயமும்கூட. திரையில் ஏறிய பச்சையைக் கோட்டிலேயே பூசிவிட்டால் வெளிச்சத்தின் நிறத்தைத் துணியின் நிறமாக ஆக்கியதாகிவிடும். உங்கள் அறையின் வெள்ளை எல்இடி குழல்விளக்கை அணைத்துவிட்டு, காலை ஒன்பது மணி வாக்கில் வாசல் திண்ணை நிழலில் பொம்மையை வைத்து, படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த நிழற்படத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டியின் மேல் உள்ள படத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அது பெரும்பாலும் கைதேர்ந்த ஓவியர் வர்ணம் தீட்டிய முன்மாதிரியின் படம். தொழிற்சாலையில் வந்த உருப்படி அதிலிருந்து மாறுபடலாம் என்று பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் அவர்களே எழுதியிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கொலு பொம்மை செய்கிறது. பளபளப்பு ஏறினால்தான் பொம்மை வேலை முடிந்தது என்று எங்களுக்குப் பழக்கம். ஆனால் என் மகன் வாங்கும் சினிமா உருவங்களில் பளபளப்பு இருந்தாலே மட்டம் என்கிறான். ஏன் இந்த வேறுபாடு?
– ஒரு வாசகர், விளாச்சேரி

பதில்: திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்திலிருந்து, தொழில் தெரிந்த ஒருவர் கேட்கும் கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கொலுப்படியில் இருக்கும் பொம்மை, கூடத்தின் மறுகோடியிலிருந்து விளக்கு வெளிச்சத்தில் பார்க்கப்படுவது. நீல உடல் என்றால் கண்ணன், கையில் வீணை என்றால் சரஸ்வதி என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். பட்டின் நெசவும் தோலின் துளையும் அங்கே யாருக்கும் தேவையில்லை. நிறம் அழுத்தமாகவும் மேற்பரப்பு மினுமினுப்பாகவும் இருப்பது அதற்குப் பொருத்தமான முடிவு, அதில் மட்டம் என்று சொல்ல எதுவுமில்லை.

சினிமா உருவத்தின் வேலை வேறு. அது ஒரு குறிப்பிட்ட நடிகரையும் அவர் உடுத்திய பொருள்களையும் கைக்கெட்டும் தூரத்தில் நம்ப வைக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஓர் ஒளியைத் திருப்பிக் காட்டுகிறது: பருத்தித் துணியில் மினுக்கே கிடையாது, பழகிய தோல் பட்டையில் மங்கிய மினுக்கு, செருப்பின் முனையில் சற்றுக் கூடுதல், உலோகத்தில் கூர்மையான ஒளிப்புள்ளி, கன்னத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, உதட்டில் ஈரத்தின் சாயல், கண்ணில் மட்டும் முழுப் பளபளப்பு. ஏழு அங்குல உருவத்தில் இவை அத்தனையும் ஒரே பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. எல்லாவற்றின் மேலும் ஒரே வார்னிஷை அடித்துவிட்டால், நிறங்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கண் அதை ஒரே பொருளாகத்தான் படிக்கும். நான் எந்த உருவத்தை எடுத்தாலும் முதலில் நிறத்தைப் பார்ப்பதில்லை. இடுப்புப் பட்டைக்கும் அதன் கொக்கிக்கும் இடையே மினுக்கில் வேறுபாடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். அதைக் கவனித்துச் செய்தவர்கள் மற்றவற்றையும் பெரும்பாலும் கவனித்திருப்பார்கள்.

அளவும் இதில் சேர்கிறது. 30 சென்டிமீட்டர் உயர உருவத்தை 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது, உண்மையான மனிதரை 3.6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 12 அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் நிறங்கள் ஒரு படி வெளிறியும் பளபளப்பு ஒரு படி தணிந்தும் தெரியும். எனவே உண்மை உடுப்பின் நிறத்தை அளந்து அப்படியே பூசினாலும் பொம்மையில் அது அடர்ந்துபோய்த் தெரியும். 2008-இல் வந்த ‘அயர்ன் மேன்’ கவசத்தின் சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கார் பெயின்டில் கலக்கும் உலோகத் துகளை அப்படியே சிறிய உருவத்தில் போட்டால், ஒவ்வொரு துகளும் ஆறு மடங்கு பெரிதானதுபோல் ஜிகினாவாக மின்னும். அதனால் நல்ல பூச்சுக்காரர்கள் அடியில் மிக நுண்ணிய வெள்ளிப் பூச்சு கொடுத்து, அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பை மெல்லிய படலங்களாக ஏற்றுகிறார்கள். துகளே கண்ணில் படாமல் ஆழம் மட்டும் கிடைக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் உங்கள் தொழிலும் இவர்கள் தொழிலும் ஒன்றாகிவிடுகின்றன. நீங்கள் கண்ணைக் கடைசியாகத் திறப்பீர்கள். கையால் வர்ணம் தீட்டும் சினிமா உருவக் கலைஞர்களில் பலரும், முகத்துக்கு மேட், அதாவது பளபளப்பில்லாத பூச்சுக் கொடுத்து முடித்தபின் கடைசியில்தான் கருவிழியின் மேல் ஒரு சொட்டுப் பளபளப்பு வைக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் ஒரே நடிகையின் உருவத்தை இரண்டு விலையில் காட்டுகிறாள். ஒன்று சிறியது, மற்றது பல மடங்கு விலை. முகம் இரண்டிலும் ஒன்றுபோல்தான் எனக்குத் தெரிகிறது. விலை எதற்கு?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: விலையில் ஒரு பகுதி அளவுக்கும் துணி உடுப்புக்கும் போகிறது. மீதியில் பெரும்பங்கு முகத்துக்கு. சுமார் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள உருவங்களில் இப்போது முகத்தைக் கணினி வழியே அச்சிடுகிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் நிழற்படம்போல் இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் செய்தித்தாள் படம்போல் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டாயிரமாம் ஆண்டில் ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்களின் பெரிய உருவங்களில், தோல்நிறப் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய படலங்களாக நிறம் ஏற்றுகிறார்கள். மூக்கு நுனி, காது மடல், கண்ணின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் சிவப்பு லேசாக ஊறியிருக்கும். விழியின் வெள்ளை சுண்ணாம்பு வெள்ளையாக இல்லாமல் சற்றுச் சாம்பல் கலந்திருக்கும். மேல் இமையின் நிழல் விழிமேல் விழுந்தாற்போல் மெல்லிய கருங்கோடு ஓடும். அம்மா, இதையெல்லாம் நின்று பார்க்கும் பொறுமை மகளுக்கு இருந்தால் பெரியது வாங்கலாம். மேசையில் வைத்து அடிக்கடி நிலை மாற்றி விளையாடுவாள் என்றால் சிறியதே போதும். கை படப் படத் தேயும் முகத்துக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

கேள்வி: சிம்மக்கல் பகுதியில் பழைய வீடு. மேற்குப் பார்த்த கூடத்தில் ஷோகேஸ், பக்கத்திலேயே சாமி அலமாரி. சில உருவங்கள் பிசுபிசுக்கின்றன, ஒன்று முன்புறமாகச் சாய்ந்துவிட்டது, மேட் பூச்சுள்ள கறுப்பு உடைகளில் துடைத்த இடம் மட்டும் மினுங்குகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. பிசுபிசுப்பு, மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில் நெகிழ்வுக்காகக் கலந்த எண்ணெய்ப் பொருள் வெப்பத்தில் மேற்பரப்புக்குக் கசிவதால் வருகிறது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், மேற்கு வெயில் படும் அடைத்த கண்ணாடி அலமாரிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை வெதுவெதுப்பான நீரில் கலந்து, மென்மையான தூரிகையால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். துணி உடுப்பு இருந்தால் கழற்றிவிட வேண்டும். தின்னரும் அசிட்டோனும் வீட்டில் இருந்தால்கூட அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வர்ணத்தோடு பிளாஸ்டிக்கும் கரையும். சாய்வும் அதே வெப்பத்தின் வேலைதான். கணுக்கால் இளகி, தலைப்பக்கப் பாரம் இழுத்திருக்கிறது. இடுப்பைத் தாங்கும் கம்பியுடன் கூடிய நிலைப்பீடத்தில் வையுங்கள்.

மினுங்குவதற்குத்தான் தீர்வு குறைவு. மேட் என்பது கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. சாமி விளக்கின் எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் அதில் எளிதில் தங்கும். அதைத் துணியால் அழுத்தித் துடைத்தால் சொரசொரப்பு மழுங்கி அந்த இடம் பளபளக்கத் தொடங்கும். இனி துணியைத் தொடாமல், பெண்கள் முகப்பூச்சுக்குப் பயன்படுத்தும் அகலமான மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஷோகேஸைச் சாமி அலமாரியிலிருந்தும் மேற்குச் சுவரிலிருந்தும் நகர்த்துவது முதல் வேலை. செயற்கைத் தோல் சட்டை அணிந்த உருவங்கள் இருந்தால், ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்தத் தோல் செதில் செதிலாக உரியும் என்பதால், அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள்.

கேள்வி: முகம் எண்ணெய் வடிவதுபோல் பளபளக்கும் ஓர் உருவத்துக்கு நானே மேட் வார்னிஷ் அடிக்கலாமா?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: அடிக்கலாம், நீர் கலந்த அக்ரிலிக் மேட் வார்னிஷாக இருந்தால். ஸ்பிரே டப்பாக்களில் வரும் சில பூச்சுகள் மென்மையான பிவிசியோடு ஒத்துக்கொள்ளாமல் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். முதலில் முகத்தைக் கழுவி உலர்த்துங்கள். சட்டைக் காலருக்குள் மறையும் கழுத்துப் பகுதியில் ஒரு துளி பூசி, மறுநாள் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே மேலே போங்கள். மங்கலாக்கும் பொடி குப்பியின் அடியில் தங்கிவிடும் என்பதால் நன்றாகக் குலுக்க வேண்டும்; குலுக்காமல் அடித்தால் மேட் வார்னிஷே பளபளக்கும். காற்றழுத்தத்தால் வர்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் வைத்திருந்தால் நடுப்பகலைத் தவிருங்கள். உசிலம்பட்டி வெயிலில் துளிகள் முகத்தைச் சேரும் முன்பே காற்றில் காய்ந்து மணல்போல் ஒட்டும். மழை ஈரத்தில் அடித்தாலோ வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறாத காலை நேரம், இரண்டு மெல்லிய படலம், அவற்றுக்கிடையே நல்ல இடைவெளி. கண்ணை மறைநாடாவால் மூடிக்கொள்ளுங்கள். அதை மறந்து கண்ணும் மங்கிவிட்டால், காய்ந்தபின் மிகச்சிறிய தூரிகையால் கருவிழியில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு வைத்தால் சரியாகிவிடும்.