வெள்ளவத்தை வீட்டில் டேட்டா மாதம் முடியுமுன் தீர்கிறதே: எதை வைத்திருப்பது?

அம்மா ரீவியில் தினமும் இரண்டு மணிநேரம் படம் பார்க்கிறார், 20ஆம் திகதிக்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது, நெட்ஃபிளிக்ஸை விட்டு பிரைம் வீடியோவுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். டேட்டாவுக்காக மாறாதீர்கள், எதில் பார்த்தாலும் எச்டி படம் டேட்டாவை விழுங்கத்தான் செய்யும்.

நெட்ஃபிளிக்ஸில் எச்டி மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். அப்போ மாதம் 180 ஜிபி. பிரவுசரில் கணக்கைத் திறந்து, அம்மாவின் புரொஃபைலில் பிளேபேக் செட்டிங்ஸுக்குள் 'மீடியம்' வையுங்கள். மணிக்கு 0.7 ஜிபிதான், மாதம் 42 ஜிபியோடு நிற்கும். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனி என்பதால் உங்களுடையது அப்படியே இருக்கும். எங்கள் வீட்டு 32 அங்குல ரீவியில் மீடியத்தில்தான் பார்க்கிறோம். முகங்கள் கொஞ்சம் மங்கல், ஆனால் சப்டைட்டிலை என் அம்மா கண்ணாடி போடாமலே வாசிக்கிறார்.

மலிவு என்று மொபைல் பிளானுக்கு இறங்கிவிடாதீர்கள், அது ரீவியில் ஓடாது.

பிரைம் எடுப்பதென்றால் தமிழ்ப் படங்களுக்காக எடுங்கள். ஆனால் படத்தைக் காட்டும் உரிமை நாட்டுக்கு நாடு வேறு. சென்னையில் இருக்கும் உறவினர் சொல்லும் படம் இங்கே இலங்கையில் வராமல் போகலாம். முதலில் இலவச சோதனைக் காலம் காட்டுகிறதா பாருங்கள், அம்மாவுக்குப் பிடித்த நாலைந்து படங்களைத் தேடிவிட்டு அப்புறம் கார்டைக் கொடுங்கள்.