வாசகர் கேள்வி–பதில்: இளங்கன்றும் பழகிய மாடும்

கால்பந்து கிளப்புகள் இளம் வீரர்களை வளர்த்தெடுக்க வேண்டுமா, அனுபவசாலிகளை விலைகொடுத்து வாங்க வேண்டுமா என்று சென்ற இதழில் எழுதியிருந்த குறிப்பையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

திருச்சி வாசகர் ஒருவர்: "சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று முன்னாள் வீரரும் விமர்சகருமான ஆலன் ஹான்சன் தொலைக்காட்சியில் சொன்னதும், அதே சீசனில் மான்செஸ்டர் யுனைடெட் லீக், எஃப்ஏ கோப்பை என்ற இரட்டைப் பட்டம் வென்றதும் எல்லோரும் அறிந்த கதை. அவர் சொன்னது பொய்த்துப்போன பிறகும் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிளப்புகள் ஏன் பணத்தைக் கொட்டுகின்றன?"

கதை உண்மைதான், ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 1995 கோடையில் பால் இன்ஸ், மார்க் ஹியூஸ், ஆந்த்ரே கான்செல்ஸ்கிஸ் என்ற மூன்று முன்னணி ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்ட யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், அவர்களுக்கு மாற்றாகப் பெரிய பெயர் எதையும் வாங்காமல், கிளப்பின் இளைஞர் அணியிலிருந்து வந்த நெவில் சகோதரர்கள், நிக்கி பட், பால் ஸ்கோல்ஸ், டேவிட் பெக்கம் ஆகியோரை நம்பிச் சீசனைத் தொடங்கினார். ஆகஸ்ட் 19 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் 3–1 என்று தோற்றார்கள். ஹான்சன் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைய இரவில்தான். அன்று எரிக் கான்டோனா களத்தில் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் பார்வையாளர் ஒருவரை எட்டி உதைத்ததற்காக விதிக்கப்பட்ட தடையை அவர் அனுபவித்துக்கொண்டிருந்தார். அக்டோபர் 1 அன்று லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பி வந்து, அன்றே பெனால்டியில் ஒரு கோலும் போட்டார்.

அந்தச் சீசனின் போக்கை மாற்றிய ஆட்டம் 1996 மார்ச் 4 அன்று நியூகாசிலில் நடந்தது. ஜனவரியில் 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்த நியூகாசில், சொந்த மைதானத்தில் முதல் பாதி முழுவதும் யுனைடெட்டைத் திணறடித்தது. வந்த பந்துகளையெல்லாம் தடுத்துக்கொண்டே இருந்தவர் 32 வயது பீட்டர் ஷ்மைக்கேல். இரண்டாம் பாதியில் இடப்புறத்திலிருந்து 19 வயது பில் நெவில் தூக்கிக் கொடுத்த பந்தை, மறுகோடியில் ஆளில்லாமல் நின்ற 29 வயது கான்டோனா தரையில் விழவிடாமல் உதைத்து வலைக்குள் அனுப்பினார். ஆட்டம் 1–0 என்று முடிந்தது. ஹான்சனின் கூற்றுக்குப் பதில் தேடுகிறவர்கள் அந்த ஒரு கோலைப் பார்த்தால் போதும்: கொடுத்தவர் சிறுவர், முடித்தவர் அனுபவசாலி, அதுவரை தோற்காமல் காத்து வைத்திருந்தவரும் அனுபவசாலி. இவர்களோடு பின்வரிசையில் ஸ்டீவ் புரூஸ், கேரி பாலிஸ்டர், டெனிஸ் இர்வின் என்று பழுத்த கைகளும் இருந்தன. ஆகவே ஹான்சன் "சிறுவர்களை மட்டும்" என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், இன்றுவரை அவரை யாரும் கேலி செய்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் புதுக் காளையை உழவுக்குப் பழக்கும்போது, பழகிய மாட்டோடுதான் ஜோடி சேர்த்து ஏரில் பூட்டுவார்கள். இரண்டு புதுக் காளைகளைச் சேர்த்துப் பூட்டினால் ஏர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. இரண்டும் கிழ மாடுகளாக இருந்தால் ஏர் நேராகத்தான் போகும், பொழுது சாய்வதற்குள் படுத்துவிடும்.

முப்பது வயதுக்காரர்களுக்குப் பணத்தைக் கொட்டுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவசரம்தான் முதல் காரணம். நிர்வாகத்துக்கு இந்த ஆண்டே கோப்பை வேண்டும், ரசிகர்களுக்கு விமான நிலையத்தில் மாலை போட ஒரு பெயர் வேண்டும். அந்த இடத்தில் ஆடக்கூடிய பையன் கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் ஏற்கெனவே தயாராக இருக்கிறானா என்ற கேள்வியைக் கேட்காமல் செய்யப்படும் கொள்முதல்தான் வீண் செலவாகிறது. கேட்டுவிட்டுச் செய்யப்படும் கொள்முதல் பெரும்பாலும் பயன் தருகிறது.

கோவையிலிருந்து ஒரு வாசகி: "2025இல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதியில் பார்சிலோனாவின் இளைஞர்களை இன்டர் மிலானின் மூத்தவர்கள் வீழ்த்தினார்கள். அதே மூத்தவர்களை இறுதிப் போட்டியில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப்பின் இளைஞர்கள் 5–0 என்று துவைத்தெடுத்தார்கள். இதிலிருந்து எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வது?"

இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே 25 நாட்கள்தான், அம்மா. அதற்குள் மனித வயதின் இயல்பு மாறிவிடவில்லை. மே 6 அன்று இன்டரின் மைதானமான சான் சிரோவில் 87ஆவது நிமிடத்தில் ரஃபீன்யாவின் கோலால் பார்சிலோனா 3–2 என்று முன்னேறியது. இரண்டு ஆட்டங்கள் கொண்ட அரையிறுதியின் முதல் ஆட்டம் 3–3 என்று சமனில் முடிந்திருந்ததால், இறுதிப் போட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களில் 17 வயது லாமின் யமால் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சற்று நேரத்தில், வாழ்நாள் முழுவதும் கோலைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்ட 37 வயது டிஃபெண்டர் பிரான்செஸ்கோ அச்செர்பி, எதிரணியின் கோல் முகப்பில் ஸ்ட்ரைக்கரைப் போல வந்து நின்று, டம்ஃப்ரீஸ் வலப்புறத்திலிருந்து அனுப்பிய பந்தைத் தன் பலவீனமான வலக்காலால் வலையின் கூரைக்கு உதைத்துச் சமன்செய்தார். பிறகு கூடுதல் நேரத்தில் ஃப்ராத்தேசி வெற்றி கோலைப் போட்டார். இதை அனுபவத்தின் வெற்றி என்று எழுதித் தள்ளியவர்களில் நானும் ஒருவன். உண்மையில் யமாலின் பந்து கம்பத்துக்கு ஒரு சாண் உள்ளே போயிருந்தால் அத்தனை பேரும் இளமையின் வெற்றி என்று எழுதியிருப்போம்.

மே 31 அன்று மியூனிக்கில் நடந்தது வேறு வகை. மூன்று நாட்களில் 20 வயதை எட்டவிருந்த தெசிரே துவே இரண்டு கோல்களும், பாரிஸ் அகாடமியிலேயே வளர்ந்த 19 வயது சென்னி மயூலு கடைசிக் கோலும் போட்டார்கள். பந்தை இழந்த மறுகணமே ஓடிப்போய் நெருக்குகிற அந்த ஆட்ட முறைக்கு இன்டரின் கால்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனாலும் பாரிஸ் சிறுவர்களின் அணி இல்லை. கேப்டன் மார்க்கின்யோஸுக்கு 31 வயது, ஃபாபியான் ருயீஸுக்கு 29, உஸ்மான் டெம்பெலேவுக்கு 28.

பாடம் எடுக்க விரும்பினால், அந்த ஒரு மாதத்தை விட்டுவிட்டு, பாரிஸ் கிளப்பின் நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் ஏற்கெனவே நெய்மாரும் எம்பாப்பேயும் இருந்த அணியில் 34 வயது மெஸ்ஸியையும் 35 வயது ராமோஸையும் சேர்த்தார்கள். 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி 16 அணிகளின் சுற்றோடு வீடு திரும்பினார்கள். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக விலகிய பிறகுதான் துவே போன்றவர்களுக்கு இடம் கிடைத்தது. மெஸ்ஸி குறைந்த ஆட்டக்காரர் என்று யாரும் சொல்லப்போவதில்லை. முன்வரிசையில் பந்துக்காக ஓடாத மூவர் இருந்தால், கோல்கீப்பர் நீங்கலாக மற்ற எழுவர் அவர்களுக்கும் சேர்த்து ஓட வேண்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

தஞ்சாவூர் வாசகர்: "நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப் காலங்காலமாகச் சிறுவர்களை வளர்த்து விற்கிறது. அனுபவசாலிகள் இல்லாமலேயே சாதிக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று இல்லையா?"

சான்றாகக் காட்டக்கூடாத கிளப்பைக் காட்டியிருக்கிறீர்கள், மன்னிக்கவும். 1995 மே 24 அன்று வியன்னாவில் ஏசி மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் 85ஆவது நிமிடத்தில் ஒரே கோலைப் போட்டவர், மாற்று வீரராக இறங்கிய 18 வயது பேட்ரிக் க்ளைவர்ட் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவருக்குப் பந்தைக் கொடுத்தவர் 32 வயது ஃபிராங்க் ரைகார்ட் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அயாக்ஸில் வளர்ந்து, வெளியேறி, மிலானில் ஐந்து ஆண்டுகள் ஆடி, 1993இல் தாய்வீடு திரும்பியவர் அவர். 1990இல் இதே வியன்னா மைதானத்தில் மிலானுக்காக இறுதிப் போட்டியின் ஒரே கோலைப் போட்டவரும் அவரே. எதிரே நின்ற அணியின் குணம் அவருக்கு உள்ளங்கை ரேகையைப் போலத் தெரிந்திருந்தது. கேப்டன் டேனி பிளிண்டுக்கு அப்போது 33 வயது.

2018இல் இதையே கிளப் மறுபடியும் செய்தது. சவுத்தாம்ப்டனிலிருந்து துசான் தாதிச்சையும், மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து டேனியின் மகன் டேலி பிளிண்டையும் வாங்கி, 19 வயது கேப்டன் டி லிக்ட், டி யோங் ஆகியோருக்கு நடுவே நிறுத்தினார்கள். 2019 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்தில் 4–1 என்று வென்ற இரவில், முதல் இரண்டு கோல்களுக்குப் பந்து கொடுத்து மூன்றாவதைத் தானே போட்டவர் 30 வயது தாதிச். அரையிறுதியில் டாட்டன்ஹாமிடம் கடைசி நொடியில் தோற்றார்கள். கோடையில் டி லிக்ட் யுவென்டஸுக்கும் டி யோங் பார்சிலோனாவுக்கும் போய்விட்டார்கள். அயாக்ஸின் சங்கடம் அங்கேதான் இருக்கிறது: வயல் அவர்களுடையது, அறுவடை வேறொருவருடையது.

மதுரை வாசகர்: "சொந்த அகாடமியில் வளர்ந்த பிள்ளைகளையே செல்சி போன்ற பணக்காரக் கிளப்புகள் விற்றுவிடுவது ஏன்?"

இதற்குப் பதில் மைதானத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு வீரரை 50 கோடிக்கு வாங்கி ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டால், செலவு ஆண்டுக்குப் பத்துக் கோடி வீதம் எழுதப்படும். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரை 40 கோடிக்கு விற்றால், புத்தகத்தில் இன்னும் 30 கோடி பாக்கி இருப்பதால் லாபம் பத்துக் கோடிதான். அகாடமிப் பையனுக்குப் புத்தக மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம்; அவரை 40 கோடிக்கு விற்றால் 40 கோடியும் லாபம். நஷ்டத்துக்கு வரம்பு விதிக்கும் விதிகள் இருக்கும் இங்கிலாந்தில், இந்த வித்தியாசம் கிளப்புகளின் நடத்தையையே வளைத்துவிட்டது. ஆறு வயது முதல் செல்சியில் இருந்த மேசன் மவுண்ட் 2023இல் யுனைடெட்டுக்குப் போனார். கானர் கலாகர் 2024இல் அத்லெட்டிகோவுக்குப் போனார். செலவை இன்னும் மெல்லியதாக வார்க்க, வெளியிலிருந்து வாங்கிய இளைஞர்களுக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தம் வரை செல்சி போட்டது. பிறகு ஐரோப்பிய சம்மேளனமும் பிரீமியர் லீக்கும் கணக்குக்கு ஐந்து ஆண்டுகள்தான் என்று 2023இல் கதவை மூடின. பிள்ளை வளர்ப்பதை ஊக்குவிக்க வேண்டிய விதி, வளர்த்த பிள்ளையை விற்பதற்கு ஊக்கத்தொகை கொடுக்கிறது. இது வெட்கக்கேடு என்பது என் கருத்து.

சேலம் வாசகர்: "எந்த வயதுக்கு மேல் ஒருவரை வாங்கக்கூடாது?"

இடத்தைப் பொறுத்தது. கோல்கீப்பருக்கும் நடுப் பின்வரிசைக்கும் வயது ஒரு தடையாக இருப்பதில்லை. பக்கவாட்டில் ஓடுகிறவருக்கு முப்பதே அதிகம். வான் டெர் சார் 34 வயதில் யுனைடெட்டுக்கு வந்து 40 வயது வரை ஆடினார். தியாகோ சில்வா 36 வயதை நெருங்கும்போது டிரான்ஸ்ஃபர் தொகையே இல்லாமல் செல்சிக்கு வந்து, அடுத்த ஆண்டே சாம்பியன்ஸ் லீக் வென்றார். ஒப்பந்தம் மட்டும் ஓர் ஆண்டு, மிஞ்சினால் இரண்டு ஆண்டுகளைத் தாண்டக்கூடாது.

நாகர்கோவில் வாசகர்: "திறமை இருந்தால் 17 வயதுப் பையனை எல்லா ஆட்டத்திலும் இறக்குவதில் என்ன தவறு?"

பார்சிலோனாவின் பெத்ரி 18 வயதில், 2020–21 சீசனில், கிளப்புக்கும் நாட்டுக்குமாக 70க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். யூரோ கோப்பை முடிந்த கையோடு ஒலிம்பிக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த சில ஆண்டுகள் தொடைத்தசைக் காயத்தால் அவர் பட்ட பாடு உலகறிந்தது. யமால், மேலே சொன்ன இன்டர் தொடரின் முதல் ஆட்டத்தோடு, 17 வயதிலேயே கிளப்புக்காக 100 ஆட்டங்களை எட்டிவிட்டார். அனுபவசாலி ஒருவர் பெஞ்சில் இருப்பதன் பெரிய பயன், பையன் ஓய்வெடுக்கும் நாளில் அணி தடுமாறாமல் இருப்பதுதான்.

சென்னை வாசகர்: "நம் சென்னையின் எஃப்சி இதில் எந்தப் பக்கம்?"

2017–18இல் இரண்டாவது முறை இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வென்ற அணியை எடுத்துக்கொண்டால், நான் மேலே சொன்ன ஜோடிப் பூட்டு அதில் தெளிவாகத் தெரியும். பயிற்சியாளர் ஜான் கிரிகரி, வலப்புறத்தில் 36 வயது இனிகோ கால்டெரோனையும், நடுவில் 32 வயது கேப்டன் ஹென்ரிக் செரேனோவையும் வைத்துக்கொண்டு, இடப்புறத்தை 19 வயது ஜெரி லால்ரின்சுவாலாவிடம் ஒப்படைத்தார். அவர்களுக்கு முன்னால் சென்னையைச் சேர்ந்த 23 வயது தன்பால் கணேஷ் நின்றார். பெங்களூருவில் நடந்த இறுதிப் போட்டியில் ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டும், அந்த அணி பதறாமல் 3–2 என்று வென்று திரும்பியது.