உட்கார ஒரு நாற்காலி

அக்காவுக்கு வணக்கம். தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் பென்னாகரத்தில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். அப்புறம் சமையல், பாத்திரம், பையனின் வீட்டுப்பாடம். "தினமும் பத்து நிமிடம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள்" என்கிறார்கள். அதற்கு நான் எங்கே போவேன்? பஸ்ஸில் போன் பார்ப்பதுதான் எனக்கு ஓய்வு. இறங்கும்போது கண் எரிகிறது.

ஒரு வாசகி, பென்னாகரம்

அன்புள்ள தங்கைக்கு,

பத்து நிமிடம் இருக்கட்டும். கடையில் உட்கார இடம் இருக்கிறதா? நீங்கள் அதை எழுதவே இல்லை.

கடைகள், நிறுவனங்களுக்கான தமிழ்நாட்டுச் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை போட்டிருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி வாங்கிய உரிமை. ஆகவே, ஆள் இல்லாத நேரத்தில் உட்கார யாருடைய தயவும் வேண்டாம். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். அப்படியும் மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். உங்களைப் போல நிற்கிறவர்களிடம் மன அமைதியைப் பற்றிப் பேசுகிறவர்கள், முதலில் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட வேண்டும்.

நாள் முழுக்க நின்றால் ரத்தம் காலில் தேங்கும். அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அசையாமல் நிற்கும்போது அதற்கு வேலையே இல்லை. சாயங்காலம் செருப்பு இறுக்குவது அதனால்தான். பிரித்துப் போட்ட சேலைகளை மடிக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கவுண்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது. மதியம் சாப்பிட்டதும் இரண்டு நிமிடம் காலை எதன் மேலாவது தூக்கி வைத்து உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். போனே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் காய்கிறது. கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பதால் கண்ணுக்குள் இருக்கும் தசையும் இறுகியபடியே இருக்கிறது. தூரத்தில் பார்த்தால்தான் தளரும். இரவில் இண்டூர் வரும்வரை போன் பைக்குள் இருக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருங்கள். அப்புறம் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்பதரைக்கு வந்து எல்லா வேலையையும் நீங்களே செய்தால் தூக்கம்தான் குறையும். அதை இந்த இரண்டு நிமிடங்களால் ஈடுகட்ட முடியாது. சமையல் உங்களுடையது என்றால் பாத்திரம் வீட்டுக்காரருடையது. பையனின் வயதை நீங்கள் எழுதவில்லை. எட்டு, ஒன்பது வயது ஆகியிருந்தால் அவன் சாப்பிட்ட தட்டை அவனே கழுவட்டும். இன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா