கோயில் காட்டுச் செங்காந்தளுக்கு வெளியூர்க் கிழங்கு வேண்டாம்

கேள்வி: பண்ருட்டி அருகே எங்கள் ஐயனார் கோயில் காட்டில் செங்காந்தள் பத்துப் பன்னிரண்டு கொடிதான் மிச்சம். பூக்கிறது, காய் சரியாகப் பிடிப்பதில்லை. தாராபுரம் பக்கத்துக் கிழங்கு தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். வாங்கி நடலாமா? மரபணுப் பரிசோதனை தேவையா?

பதில்: வாங்காதீர்கள். பரிசோதனைக்கும் இப்போது பணம் செலவழிக்க வேண்டாம்.

பன்னிரண்டு கொடி என்றால் பன்னிரண்டு செடி என்று அர்த்தமில்லை. செங்காந்தளின் கிழங்கு, அதாவது கண்வலிக் கிழங்கு, கலப்பை மாதிரி இரண்டாகப் பிரியும், இரண்டு நுனியிலும் முளை வரும், அப்படியே வருஷா வருஷம் பெருகினால் எல்லாமே ஒரே தாயின் அச்சுதான். உங்களிடம் உண்மையில் இரண்டு மூன்று தாய்கள் மட்டுமே இருக்கலாம். போதாததற்கு இந்தப் பூவின் சூல்தண்டு, அதாவது நுனியில் மகரந்தம் ஏற்கும் பெண் பகுதி, அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி நிற்கும், வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்தால்தான் மகரந்தம் சேரும். சுற்றிலும் முந்திரியும் கரும்பும் ஆகிவிட்ட பிறகு அடுத்த காட்டு மகரந்தம் எங்கிருந்து வரும்? இப்படித் தனித்துப்போன சிறு கூட்டத்தில் தலைமுறைக்குத் தலைமுறை சில மரபுக்கூறுகள் தற்செயலாகவே தொலையும். ஆனால் ஒவ்வொரு காட்டிலும் தொலைவது வேறு வேறு, அதனால் உங்களிடம் இல்லாதது பக்கத்துக் காட்டில் இருக்க வாய்ப்புண்டு. திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம், புத்துப்பட்டு என்று நம் பக்கம் கோயில் காடுகள் இருக்கின்றன, முதலில் அங்கே தேடுங்கள்.

வியாபாரியின் கிழங்கு எந்தக் காட்டில் தோண்டியது என்று அவருக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொரு காடு காலியாகியிருக்கலாம், கூடவே கிழங்கழுகல் நோயும் உங்கள் மண்ணுக்கு வந்து சேரலாம். இலையை அனுப்புங்கள், மரபணுச் சான்றிதழ் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவரையும் திருப்பி அனுப்புங்கள். பல காட்டுச் செடிகளை ஒப்பிட்டால்தான் வேறுபாடு தெரியும், ஒரு இலையில் ஒன்றும் தெரியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்கள் ஊரில் யாராவது முன்பு இதே காட்டிலிருந்து கிழங்கு எடுத்துப் போய் வேலியோரம் நட்டிருந்தால், அது உங்கள் சொத்துதான், தாராளமாகக் கொண்டுவாருங்கள், காட்டில் அழிந்த தாய் அங்கே பிழைத்திருக்கலாம். ஆனால் பெரியவர்களிடம் நன்றாக விசாரியுங்கள். இடையில் நர்சரிக் கிழங்கும் சேர்த்து நட்டிருந்தால் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது, அப்போது அந்த வேலியை விட்டுவிடுங்கள். நட்டவர் உயிரோடு இல்லையென்றால் அவர் வீட்டாரைக் கேளுங்கள், சந்தேகம் என்றால் வேண்டாம்.

2002ஆம் ஆண்டு உயிரினப் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அங்குள்ள உயிரினங்களைக் குறித்துவைக்கும் மக்கள் பதிவேடு இருக்க வேண்டும். அதில் "செங்காந்தள், உண்டு" என்று எழுதி மூடிவைத்தால் யாருக்கு என்ன லாபம்? எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்கிற அதிகாரிகள் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதே இல்லை. எனக்கு ஆறவில்லை. நீங்களாவது ஒரு நோட்டில் எந்தக் கொடி எந்தக் காட்டுடையது என்று எழுதிவையுங்கள்.

சரி, செய்ய வேண்டியது: அடுத்த காட்டுப் பூவின் மகரந்தப்பையை அதன் பொறுப்பாளர்களைக் கேட்டு எடுத்து, அன்று காலையிலேயே உங்கள் பூவின் சூல்முடியில் (சூல்தண்டின் நுனியில்) தடவுங்கள், வயலில் விவசாயிகள் செய்வதுதான். காய் வெடிக்கும்போது விதையை எடுத்து உங்கள் காட்டு மண்ணிலேயே தொட்டியில் போடுங்கள். செடி முழுக்க விஷம், பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளைக்கவே மாதங்கள் ஆகலாம், பூக்க மூன்று நான்கு வருஷம், அதனால் நாற்றை நட்ட இடத்தில் ஆடு மாடு மிதிக்காமல் முள்வேலி போட்டுவிடுங்கள்.