வாசகர் கேள்வி பதில்: பற்றரி கொன்ட்ரோலரும் தோட்டத்து வால்வும்

கேள்வி: வீட்டுத்தோட்டத்துக்கு, குறித்த நேரத்தில் தண்ணீரைத் திறந்து மூடும், 9 வோல்ட் பற்றரியில் இயங்கும் கொன்ட்ரோலரும் நான்கு வால்வுகளும் வாங்கினோம். ஒவ்வொரு வால்விலும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு வயர். கொன்ட்ரோலரிலிருந்து வருவதோ ஐந்து வயர்தான். எதை எதோடு இணைப்பது? (வாசகி, கல்லடி)

பதில்: அந்த ஐந்தில் ஒன்று பொது வயர். மற்ற நான்கும் வால்வுக்கு ஒன்றாகப் போகும். நான்கு வால்விலிருந்தும் ஒரே நிற வயரைச் சேர்த்துப் பொது வயரோடு முறுக்குங்கள். எஞ்சிய நிறத்தைத் தனித்தனியாக 1, 2, 3, 4 என்று கொடுங்கள். பொதுவுக்குப் போவது சிவப்பா கறுப்பா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

நிறத்தில் இவ்வளவு கவனம் ஏன் என்றால், இந்த வால்வு வேலை செய்யும் விதமே வேறு. வால்வைத் திறந்து மூடும் மின்காந்தச் சுருளுக்கு, அதாவது சொலனொயிட்டுக்கு, மின்சாரம் தொடர்ந்து போவதில்லை. கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு துடிப்பு போகும். உள்ளே இருக்கும் சிறு இரும்புத் தண்டு மேலெழும்பிக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், வால்வு திறக்கும். மூடுவதற்குப் பிளஸ், மைனஸ் மாறிய இன்னொரு துடிப்பு வரும். சின்னப் பற்றரி ஒன்று மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது: கடைசித் துடிப்பு எந்த நிலையில் விட்டதோ, வால்வு அந்த நிலையிலேயே நிற்கும். திறந்திருக்கும்போது பற்றரி செத்தாலோ வயர் அறுந்தாலோ தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பற்றரியைக் கழற்றினால் வால்வு மூடிவிடும் என்று நம்பிப் படுக்கப் போகாதீர்கள்.

வயரை மண்ணால் மூடுவதற்கு முன், கொன்ட்ரோலரின் பட்டனை அழுத்தி ஒவ்வொரு வால்வையும் ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். புதுச் சொலனொயிட் வழியில் அடிபட்டுத் திறந்த நிலையில் வந்திருக்கவும் கூடும். இந்தச் சோதனையில் அது சரியாகிவிடும். ஒரு வால்வு மட்டும் மூடச் சொன்னால் திறந்து, திறக்கச் சொன்னால் மூடுகிறது என்றால் அதன் இரண்டு வயரும் மாறிக் கிடக்கின்றன. அந்த வால்வில் மட்டும் இடம் மாற்றிக் கொடுங்கள், போதும்.

கேள்வி: மிளகாய்ப் பாத்திக்கான வால்வு கொன்ட்ரோலரிலிருந்து 40 மீற்றர் தள்ளி இருக்கிறது. கையிலிருந்த டெலிபோன் வயரை இழுத்தோம். புதுப் பற்றரி போட்டால் சரி. பிறகு ஒரு நாள் திறப்பதில்லை, இன்னொரு நாள் மூடுவதில்லை. (வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: குற்றம் வயரில். முதலில் இதை உறுதிப்படுத்துங்கள்: கொன்ட்ரோலரைக் கழற்றி வால்வுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நேரடியாக இணையுங்கள். "டிக்" என்ற சத்தம் ஒவ்வொரு முறையும் தெளிவாகக் கேட்டால் வால்விலும் கொன்ட்ரோலரிலும் பிழை இல்லை.

கணக்கைப் பாருங்கள். டெலிபோன் வயரின் செம்பு அரை மில்லிமீற்றர் விட்டம்தான். 40 மீற்றர் போய் 40 மீற்றர் திரும்புவதில் கிட்டத்தட்ட 7 ஓம் தடை சேர்கிறது. சொலனொயிட்டின் தடை 6 ஓம் என்று வைத்தால், 9 வோல்ட்டில் வால்வுக்குக் கிடைப்பது நாலு வோல்ட்டுச் சொச்சம். அதே தூரத்துக்கு ஹார்ட்வெயாரில் 1/1.13 என்று கேட்டால் கிடைக்கும் 1 சதுர மில்லிமீற்றர் வயரைப் போட்டால் தடை 1.4 ஓம், வால்வுக்கு 7 வோல்ட்டுக்கு மேல் போகும். 7/0.67 (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு சேர்ந்த தடித்த வயர்) போட்டால் 8 வோல்ட் தாண்டும். 30 மீற்றருக்கு மேல் போகிறவர்கள் 7/0.67 வாங்குவதே நல்லது. கொஞ்சம் செலவுதான், ஆனால் ஒரு முறைதான். மண்வெட்டி படாமலிருக்க கொண்டியூட் குழாய்க்குள் விட்டு ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள்.

பற்றரி அல்கலைனாக இருக்கட்டும். மலிவான கார்பன் பற்றரியால் ஒரு துடிப்புக்குத் தேவையான மின்னோட்டத்தைச் சட்டென்று கொடுக்க முடியாது.

கேள்வி: போன மாரியில் வால்வுப் பெட்டி முழுக்க வெள்ளம். இப்போது இரண்டு வால்வு வேலை செய்வதில்லை. மூட்டுகளுக்கு டேப் நன்றாகச் சுற்றித்தான் இருந்தோம். (வாசகர், வாழைச்சேனை)

பதில்: டேப்பை அவிழ்த்துப் பாருங்கள், செம்பு பச்சை பிடித்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் வால்வுப் பெட்டி நீரில் மூழ்குவது வழக்கம். கரையோரத்தில் அந்த நீரில் உப்பும் இருக்கும். டேப் அதைத் தடுக்காது, உள்ளே போன நீரைப் பிடித்துவைக்கத்தான் செய்யும்.

பச்சை பிடித்த பகுதியை, செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டி எறியுங்கள். அரை அங்குலம் உரித்து, முறுக்கி, மேலே திருகு மூடி போட்டு, கிறீஸ் நிரம்பிய நீர்புகா குப்பிக்குள் அடிவரை அழுத்துங்கள். அது கிடைக்காவிட்டால் உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடலாம். சாதாரண சிலிக்கன் பூசாதீர்கள். வினாகிரி மணம் வரும் வகை செம்பை அரிக்கும். மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு அடி வயரைச் சுருட்டி விடுங்கள், அடுத்த முறை வெட்ட நீளம் வேண்டும்.

மழைக்காலம் முழுவதும் பாய்ச்சல் தேவையில்லை என்றால் எல்லா வால்வையும் பட்டனில் மூடி, தண்ணீர் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே பற்றரியைக் கழற்றுங்கள். பிரதான குழாயின் கேட் வால்வையும் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய 24 வோல்ட் ஏசி வால்வுகள் நான்கு சும்மா கிடக்கின்றன. இந்தக் கொன்ட்ரோலரில் போடலாமா? (வாசகர், கல்முனை)

பதில்: அப்படியே போட முடியாது. அவற்றில் பிடித்துவைக்கும் காந்தம் இல்லை. மல்ரிமீற்றரில் 20 முதல் 60 ஓம் வரை காட்டினால் அது பெரும்பாலும் ஏசி சொலனொயிட்; பற்றரி வகையில் பொதுவாக ஒருசில ஓம்தான். வால்வு உடலை எறிய வேண்டாம். அதே கம்பனி அதற்கு 9 வோல்ட் சொலனொயிட் தனியாக விற்றால் திருகி மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: 15 அடி உயரத் தாங்கியிலிருந்து வாழைக்குத் தண்ணீர் விடுகிறோம். "டிக்" சத்தம் கேட்கிறது, ஆனால் வால்வு முழுதாக மூடாமல் ஒழுகுகிறது. (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: வயரில் பிழை இல்லை, அழுத்தம் போதவில்லை. இவ்வகை வால்வில் ரப்பர்த் தகட்டை அழுத்தி மூடுவது தண்ணீரேதான். பலவற்றுக்கு ஏறக்குறைய 1 பார், அதாவது 10 மீற்றர் உயரத்து நீரின் அழுத்தம் வேண்டும். உங்கள் தாங்கி கொடுப்பது அரை பாரை விடவும் குறைவு. உள்ளே இருக்கும் துளையிட்ட பந்தை மோட்டார் கொண்டு திருப்பித் திறந்து மூடும் வகை ரைமர் வாங்குங்கள், அழுத்தமே இல்லாவிட்டாலும் அது மூடும்.

பம்பில் நேரடியாக ஓட்டுகிறவர்களுக்கும் இதே ஒழுக்கு வந்தால் ரப்பர்த் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அதிலுள்ள ஊசித் துளையில் கிணற்று மணலோ துருவோ அடைத்திருந்தால் வால்வு மூடாது. துளையைத் தண்ணீரில் அலசுங்கள், கம்பியால் குத்திப் பெருப்பிக்க வேண்டாம். வால்வுகளுக்கு முன் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண் உள்ள வலை) வடிகட்டி ஒன்று கட்டாயம் வேண்டும்.